கம்பியில்லாத் தந்திக்குள் ஒரு கம்பி

1

திருச்செங்கோட்டில் 'ரிக்' என்றால் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி. சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல் என்று எங்கே போனாலும் அதுதான் பொருள். 'எங்க ரிக்கு இப்ப மத்தியப் பிரதேசத்துல ஓடுதுங்க' என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அமெச்சூர் வானொலிக்காரர்களிடம், அதாவது ஹாம்களிடம், 'ரிக்' என்றால் மேசைமேல் இருக்கும் டிரான்ஸீவர். அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே பெட்டி. இக்கட்டுரை இந்த இரண்டாவது ரிக்கைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் பெட்டியைக் கணினியோடு இணைக்கிற கம்பியைப் பற்றியது.

வயர்லெஸ் வந்த காலத்தில் தமிழில் அதற்குக் 'கம்பியில்லாத் தந்தி' என்று பெயர் வைத்தார்கள். தந்தி என்ற சொல்லுக்கே கம்பி, நரம்பு என்றுதான் பொருள். கம்பியில்லாக் கம்பி என்று ஒரு முரண் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. ஹாம் நிலையத்துக்குள் கணினி நுழைந்தபோது கம்பி உண்மையாகவே திரும்பி வந்தது, ஆகாயத்தில் அல்ல, மேசைமேல். பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் மூன்றடி நீளம். இந்த மூன்றடியில் என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் தொழில்நுட்பக் கையேடுகளே எழுதி வந்திருக்கின்றன. மொழியின் பக்கமிருந்து அதை வாசிக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். மைக் எந்த மொழியையும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். கம்பி அப்படியல்ல. அதற்குள் எழுத்து போக வேண்டுமானால் ஒரு அட்டவணை வேண்டும். அட்டவணை என்பது யாரோ, எங்கோ, எதையோ மனதில் வைத்துப் போட்டது.

2

முதலில் மைக்கின் கதை. இந்தியாவில் ஆகாயத்தில் பேசுவது ஒருபோதும் இயல்பான உரிமையாக இருந்ததில்லை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம் ஆகிய இரண்டும் கருவியை வைத்திருப்பதையே உரிமத்துக்கு உட்படுத்தின. பேசுவது கிடக்கட்டும், கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டியிருந்தது. வீட்டு ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்த முறை 1980களில்தான் ஒழிந்தது.

இந்தியாவின் முதல் அமெச்சூர் உரிமம் 1921இல் அமரேந்திர சந்திர குப்தாவுக்குக் கிடைத்தது. சென்னையில் 1924இல் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பு செய்தது. பணமில்லாமல் அது நின்றுபோக, அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய் 1930இல் மீண்டும் பேசத் தொடங்கியது. 1939இல் போர் வந்ததும் அமெச்சூர் உரிமங்கள் ரத்தாயின. 1942இல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் நடத்திய ரகசிய காங்கிரஸ் வானொலி மூன்று மாதத்துக்குள் பிடிபட்டது. விடுதலைக்குப் பின்னும் சட்டம் அப்படியே நீடித்தது, அதிகாரி மட்டும் மாறினார். 1978ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளின்படி தேர்வு எழுதி, காவல்துறை விசாரணை முடிந்து, அழைப்புக்குறி வாங்கி, ஒவ்வொரு உரையாடலையும் பதிவேட்டில் குறித்து வைப்பவரே ஹாம்.

இந்த ஏற்பாட்டின் மையத்தில் ஒரு சொல் இருக்கிறது: 'வெளிப்படையான மொழி'. வெவ்வேறு நாட்டு அமெச்சூர்கள் பேசுவது வெளிப்படையான மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வானொலி ஒழுங்குவிதி. 2003ஆம் ஆண்டு மாநாட்டில் இது, 'பொருளை மறைக்கும் நோக்கத்தோடு சங்கேதமாக்கக் கூடாது' என்று திருத்தி எழுதப்பட்டது. பார்க்கச் சாதாரண வாசகம்தான். ஆனால் யாருக்கு வெளிப்படை? விதி ஒரு காதைக் கற்பித்துக்கொள்கிறது. எங்கோ ஒரு கண்காணிப்பு நிலையத்தில் உட்கார்ந்து கேட்கிற அரசின் காது. பேசப்படுவது அந்தக் காதுக்குப் புரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் காதுக்குத் தனி வரலாறு உண்டு. 1980களில் சேலம் மாவட்டத்தில், மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பகுதியில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. 1986 நவம்பரில் தமிழகக் காவல்துறை ஈழப் போராளிக் குழுக்களின் ஆயுதங்களையும் வயர்லெஸ் கருவிகளையும் பறிமுதல் செய்தது. அப்போது பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தது அந்தத் தொடர்புக் கருவிகளைத் திருப்பிக் கேட்டுத்தான். அவை திருப்பித் தரப்பட்டன. 1991இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சங்கேத வயர்லெஸ் செய்திகள் சாட்சியமாக வந்தன. கொல்லப்பட்ட ராஜீவே உரிமம் பெற்ற ஹாம். 1980களில் ஹாம் கருவிகளின் இறக்குமதி வரி விலக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆக, டிரான்ஸீவர், தமிழ், சங்கேதம் என்ற மூன்று சொற்கள் ஒரே வாக்கியத்தில் வந்தால் அரசுக்கு என்ன ஞாபகம் வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டம் தமிழைத் தடுக்கவில்லை. தமிழில் தாராளமாகப் பேசலாம், பேசவும் செய்கிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காலையில் டயலைத் திருப்பினால் இந்திய மொழிகள் பலவும் காதில் விழும். ஆனால் குரலாக இருக்கும்வரைதான் இந்தத் தாராளம். எழுத்தாக மாறும்போது கதை வேறு.

3

இனி கம்பி. ஒரு டிரான்ஸீவரைக் கணினியோடு இணைப்பது என்றால் உண்மையில் மூன்று இணைப்புகள்.

முதலாவது ஒலி. ரிக்கின் ஒலி கணினியின் சவுண்டு கார்டுக்குப் போக வேண்டும், கணினி உண்டாக்கும் ஒலி ரிக்குக்கு வர வேண்டும். இரண்டு பெட்டிகளும் வேறு வேறு வழியில் பூமியைத் தொடுவதால் நேராக இணைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் கூடவே வரும். அதைத் தவிர்க்க நடுவில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து மின்தொடர்பை அறுத்துவிடுகிறார்கள். ஒலி தாண்டும், மின்னோட்டம் தாண்டாது. ஒலியின் அளவைக் கூட்டிவிட்டாலும் வம்புதான், பக்கத்து அலைவரிசையில் இருப்பவர்மேல் போய் இடிக்கும்.

இரண்டாவது, பேசுவதற்கு அழுத்தும் பொத்தான். கணினியின் சீரியல் போர்ட்டில் ஆர்டிஎஸ் என்று ஒரு இணைப்பு முனை உண்டு. அது உயர்ந்தால் ஒரு டிரான்சிஸ்டரோ ஆப்டோகப்ளரோ பொத்தானின் வேலையைச் செய்யும். கை இருந்த இடத்தில் ஒரு சில்லு.

மூன்றாவது கட்டுப்பாடு. எந்த அலைவரிசை, எந்த முறை என்பதைக் கணினியே ரிக்குக்குச் சொல்கிறது. 1980களில் ஜப்பானிய நிறுவனங்கள் இதற்கான வசதியைப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கின. கென்வுட் பெட்டிக்கு 'எஃப்ஏ' என்ற இரண்டு எழுத்தையும் 00014070000 என்ற பதினோரு இலக்கத்தையும் ஒரு அரைப்புள்ளியையும் அனுப்பினால் அது 14.070 மெகாஹெர்ட்ஸில் போய் நிற்கும். ஐகாமும் யேசுவும் தத்தமக்கென்று வேறு வழக்குகளை வைத்துக்கொண்டன. கணினியின் சீரியல் போர்ட் கூட்டலும் கழித்தலுமான மின்னழுத்தத்தில் பேசும், ரிக் 5 வோல்ட்டுக்குள் பேசும். நடுவில் மேக்ஸ்232 என்ற சில்லு துபாஷியாக உட்கார்ந்தது. இதையெல்லாம் தனித்தனியாகச் சால்டர் செய்து ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்குவது ஹாமின் கைவேலையாக இருந்தது. 2016இல் வந்த ஐகாம் ஐசி-7300 போன்ற கருவிகளில் சவுண்டு கார்டே ரிக்குக்குள் ஏறிவிட்டது. ஒரே ஒரு யுஎஸ்பி கம்பி போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான்: காது, கை, கண் மூன்றும் வரிசையாக இடம் மாறியிருக்கின்றன. கேட்பது கணினி, அழுத்துவது கணினி, டயலைத் திருப்புவதும் கணினி. உரிமம் மட்டும் மனிதர் பெயரில். விதி கற்பித்துக்கொண்ட அந்த அரசாங்கக் காதும் இதோடு செல்லாக்காசு ஆகிறது. கம்பி வழியாகப் போகிற செய்தியை வெறும் காதால் கேட்டால் சீழ்க்கையும் கொரகொரப்பும்தான். 'வெளிப்படை' என்பது காதில் இருந்து அட்டவணைக்கு மாறிவிட்டது. அட்டவணை பிரசுரமாகியிருந்தால் செய்தி வெளிப்படை, இல்லையென்றால் சங்கேதம். ஆகவே கேள்வியும் அட்டவணைக்கு மாற வேண்டும்.

4

மோர்ஸ் அட்டவணையில் ஆங்கிலத்தின் 'ஈ' என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைந்த செலவு. மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃபிரட் வேல், அச்சகத்தில் எந்த எழுத்து எவ்வளவு வார்த்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து இதைத் தீர்மானித்ததாகச் சொல்வார்கள். அடுத்து 1870களில் போதோவின் ஐந்தலகு முறை. ஐந்து அலகில் 32 சேர்க்கைகள்தான் கிடைக்கும். ஆங்கில எழுத்து 26, மீதியில் எப்படியோ எண்களையும் குறிகளையும் திணித்தார்கள். டெலிபிரிண்டர் ஓடியது இதில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கழித்துக் கட்டிய டெலிபிரிண்டர்களை ஹாம்கள் வாங்கி ரிக்கோடு இணைத்தார்கள். கணினிக்கு முந்தைய கம்பி அது. 1963இல் ஆஸ்கி வந்தது. ஏழு பிட், 128 இடம்.

1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு கணினிகளை வானொலியால் இணைத்து அலோஹாநெட்டை ஓட்டியது. 1978இல் மாண்ட்ரியல் ஹாம்கள் அதே வழியில் பாக்கெட் முறையைச் செய்து பார்த்தார்கள். செய்தியைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விலாசம் எழுதி, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுரங்களால் வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்புவது. இதன் ஒழுங்குமுறையான ஏஎக்ஸ்.25 எட்டு பிட்டையும் அப்படியே கடத்தும். உள்ளே என்ன மொழி என்று அது கேட்பதில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்டில், அதுவும் பெருநகரங்களில். அதற்கு முன்பே தொலைபேசிக் கம்பி இல்லாமல் தரவை அனுப்பும் வழி ஒன்று இருந்தது என்பது சிறிய விஷயமல்ல. 2009இல் ஏவப்பட்ட அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் கோளும் செய்தியை வாங்கி வைத்துப் பிறகு தருகிற இதே மரபில் வந்ததுதான்.

1998இல் இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ் பிஎஸ்கே31 முறையைக் கொண்டுவந்தார். தனிக் கருவி வேண்டாம், சவுண்டு கார்டு போதும். வினாடிக்கு 31.25 பிட். குறைந்த சக்தியில் கண்டம் தாண்டும். அதன் அட்டவணைக்கு வேரிகோட் என்று பெயர். மோர்ஸின் தத்துவமேதான்: இடைவெளிக்கு ஒரு பிட், ஆங்கிலச் சிறிய 'ஈ'க்கு இரண்டு பிட். ஆஸ்கிக்கு அப்பாற்பட்ட பைட்டுகளுக்கு 10 முதல் 12 பிட்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேலம் என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அனுப்பினால் ஐந்து எழுத்து, எழுத்துக்கு நடுவே விடும் இரண்டு பிட்டையும் சேர்த்து மொத்தம் 47 பிட், அதாவது ஒன்றரை வினாடி. தமிழில் அனுப்பினால்? யூனிகோடில் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று ஐந்து குறியீடு. யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15 பைட். வேரிகோடில் 180இலிருந்து 210 பிட். ஆறேழு வினாடி. ஊர் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், செலவு நான்கு மடங்கு. தமிழை அனுப்ப முடியாது என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் கட்டுப்படியாகாது என்று அட்டவணை சொல்கிறது.

2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கொண்டுவந்த எஃப்டி8இல் அந்தச் சலுகையும் இல்லை. நோபல் பரிசு பெற்ற வானியலாளர் டெய்லர். இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குறிகையைத் தோண்டி எடுக்கிற அவருடைய கணிதம் அபாரமானது, அதில் சந்தேகமில்லை. 15 வினாடிக்கு ஒரு முறை, 50 ஹெர்ட்ஸ் அகலத்தில், 77 பிட் செய்தி. சுதந்திரமாக எழுத வேண்டுமென்றால் 13 எழுத்து. அதுவும் 42 குறிகளுக்குள்: ஆங்கில எழுத்து, எண், இடைவெளி, நாலைந்து நிறுத்தக்குறி. மற்றபடி அழைப்புக்குறி, சத்த அளவு, கட்ட எண், வணக்கம். இவ்வளவுதான் உரையாடல். 1980இல் மெய்டன்ஹெட்டில் கூடி முடிவு செய்த உலகக் கட்டத்தில் சேலமும் நாமக்கல்லும் எம்கே91. 78 பாகை தீர்க்கரேகைக்கு மேற்கே விழுகிற திருச்செங்கோடும் சங்ககிரியும் மேட்டூரும் எம்கே81. அதே எம்கே91க்குள்தான் புதுச்சேரியும். நாமக்கல் 1997இல் தனி மாவட்டமானது கட்டத்துக்குத் தெரியாது. ஏற்காட்டு மலையையும் புதுச்சேரிக் கடற்கரையையும் ஒரே பெயரில் அழைக்கிற வரைபடம் இது. ஊர்ப் பெயரைச் சொல்லத் தேவையில்லாத உரையாடலில் ஊரின் மொழிக்கு மட்டும் இடம் எங்கிருந்து வரும்?

5

'சரிங்க, இது இயற்பியல். அலைவரிசை குறுகலா இருந்தா எழுத்தும் குறையத்தான் செய்யும். இதுல தமிழுக்கு எதிரா யாரு சதி பண்ணினா?' என்று ஒரு ஹாம் கேட்கலாம். நியாயமான கேள்வி. சதி எதுவும் இல்லை. ஒரு வினாடியில் எத்தனை பிட் போகும் என்பதை இயற்பியல் தீர்மானிக்கிறது. எந்த எழுத்துக்கு எத்தனை பிட் என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். இந்த இரண்டாவது தீர்மானத்தை முதலாவதன் பெயரால் இயற்கையாக்கிக் காட்டுவதுதான் தொழில்நுட்பச் சொல்லாடலின் வேலை.

எழுத்து அட்டவணையை மாற்றலாம் என்பது தமிழுக்குப் புதிய செய்தி அல்ல. இந்தச் சமவெளிக்கு அடுத்த ஈரோட்டிலிருந்து பெரியார் 1935இல் குடிஅரசில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அச்சுக்கோப்பவரின் கேஸில் எத்தனை அச்சு இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. 1978இல் தமிழக அரசு அதை ஏற்றது. மாண்ட்ரியலில் முதல் பாக்கெட் பறந்ததும், இந்திய அமெச்சூர் விதிகள் வந்ததும் அதே 1978. இந்த மூன்றையும் ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை, சேர்த்துப் பார்க்கக் காரணமும் அன்று இல்லை. பிறகு கணினியில் தமிழுக்காக நடந்த சண்டையை நாம் அறிவோம். 1991இல் இஸ்கியைப் பின்பற்றி யூனிகோட், இணையத்தில் உலகத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் டாம், டாப், 2010இல் டேஸ்16. எத்தனை பைட், எந்த வரிசை, புள்ளிக்குத் தனி இடமா சேர்ந்த இடமா என்று கடுமையாக வாதாடினோம். அந்த வாதங்கள் எல்லாமே திரைக்கும் அச்சுக்கும் இணையத்துக்குமானவை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆன்டெனா இருக்கிறது என்பது அவற்றில் இடம்பெறவில்லை. ஹாம்கள் தமிழ்க் கணிமை பக்கம் வரவில்லை, கணித்தமிழர்கள் ஆன்டெனா பக்கம் போகவில்லை.

அதனால் என்ன குறைந்துவிட்டது? பொழுதுபோக்குதானே, ஆங்கிலத்திலேயே அடித்துவிட்டுப் போகட்டுமே? பொழுதுபோக்கு என்றால் இருக்கட்டும். ஆனால் அரசு ஹாம்களுக்கு உரிமம் தருவதற்குச் சொல்கிற காரணங்களில் பேரிடர் முக்கியமானது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் குழுவினர் தற்செயலாக அந்தமானில் நிலையம் போட்டிருந்தார்கள். 26ஆம் தேதி நிலம் அதிர்ந்து கடல் ஏறியபோது அந்த நிலையம் வெளியுலகத்தோடு பேசிய வழிகளில் ஒன்றாக இருந்தது. பேரிடரில் போகிற செய்தி என்ன? யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்த ஊர், எப்போது, எங்கே. மனிதப் பெயரும் இடப்பெயரும்தான் செய்தியே. ரோமன் எழுத்தில் மாலையும் மலையும் ஒன்று. காலை, கலை, களை எல்லாம் ஒன்று. 'மாலை வரவும்' என்று அடித்ததை ஏற்காட்டில் ஒருவர் 'மலை வரவும்' என்று வாசித்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சேர்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ மழையில் பாதை அறுந்து கிடக்கிற இரவில் அப்படி வாசித்தால் சிரிக்க முடியாது. குரலில் இந்தக் குழப்பம் வராது. இரைச்சலில் குரல் எட்டாத இடத்துக்கும் எட்டும் என்பதற்காகத்தானே எழுத்து முறைகளையே நாடுகிறோம்? அப்போது அந்த எழுத்து யாருடையது என்ற கேள்வி ஆடம்பரமல்ல.

நாமக்கல் லாரிக்காரர்களும் திருச்செங்கோட்டு ரிக்காரர்களும் இந்தியா முழுக்கச் சுற்றுகிறவர்கள். கைபேசியில் அவர்கள் நம்புவது பெரும்பாலும் குரலைத்தான். எழுத்து வேண்டாம், பேசிப் பதிந்து அனுப்பு. இதைப் படிப்பறிவுக் குறை என்று வாசிப்பது சோம்பேறித்தனம். தன் மொழிக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிற அட்டவணையைத் தவிர்த்துக்கொள்கிற புத்தியாகவும் அதை வாசிக்கலாம்.

6

செய்ய முடிகிற காரியம் ஒன்று உண்டு. தமிழ் உரையில் எந்த எழுத்தும் குறியும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று எண்ணி, அதிகம் வருவதற்குக் குறைந்த பிட் கொடுத்து, தமிழுக்கென்று ஒரு வேரிகோட் போடுவது. புள்ளிக்கு எத்தனை பிட், உகரத்துக்கு எத்தனை, மெய்யைத் தனி எழுத்தாக வைப்பதா சேர்த்து எழுதுவதா என்பதை நாமே முடிவு செய்யலாம். வேல் அச்சகத்தில் பார்த்ததையும் பெரியார் கேஸில் பார்த்ததையும் நாம் கோப்புகளில் பார்க்கப்போகிறோம், அவ்வளவுதான். சேலம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு மாணவர் குழு ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது. எண்ணுவதற்குத் தமிழ் படித்தவரும் நிரல் எழுதக் கணினி படித்தவரும் காற்றில் சோதிக்க உரிமம் உள்ளவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இதுவரை நடக்காதது அந்த உட்காருதல்தான்.

சட்டம் குறுக்கே வருமா? 1885, 1933 சட்டங்களின் இடத்துக்கு 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. சட்டம் மாறினாலும் அரசின் சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் மாறாது. புதிய அட்டவணையில் போகும் தமிழ், கேட்பவருக்குப் புரியாத வரையில் சங்கேதம் போலத்தான் ஒலிக்கும். இதற்கு ஒரே பதில் பிரசுரம். அட்டவணையை அச்சடித்து, ஊரறியச் செய்து, யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம் என்று வைத்துவிட்டால் அதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை. பிஎஸ்கே31 வெளிப்படை என்றால் இதுவும் அதே அளவுக்கு வெளிப்படை. தமிழ் வெளிப்படையான மொழியா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் தடை இல்லை. அட்டவணையில்தான் இன்னும் இடம் இல்லை. அந்த இடத்தை வேறு யாரும் வந்து ஒதுக்கித் தரப்போவதில்லை.